கரண்ட் கம்பி மேல் பழியைப் போடுவதா?

சுவர்த் தகராறு வந்தால் அந்தக் காலத்தில் சர்வேயர் சங்கிலியோடு வருவார். இப்போது கம்பத்தின் உச்சியில் காளான் மாதிரி ஒரு கருவியை மாட்டிக்கொண்டு வருகிறார். ஜி.பி.எஸ். கருவி! வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கேட்டு, "இதுதான் உன் எல்லை" என்று சொல்லிவிடும். வேலை மளமளவென்று முடிகிறது. வரவேற்கிறோம்.

ஆனால் அந்தக் கருவிக்கும் காது அடைக்கும்.

செயற்கைக்கோள் இருப்பது சுமார் 20 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில். அங்கிருந்து வரும் சிக்னல் தரையைத் தொடும்போது ஒரு வாட்டில் கோடி கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது. சந்தை இரைச்சலில் யாரோ ரகசியம் பேசுகிற மாதிரி! பக்கத்தில் கோளாறான மின்கருவி ஒன்று கத்தினால் ரகசியம் காதில் விழுமா?

2001-ம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியாவில் உள்ள மாஸ் லேண்டிங் துறைமுகத்தில் ஜி.பி.எஸ். படுத்துவிட்டது. நிபுணர்கள் சல்லடை போட்டுத் தேடினார்கள். சிக்கிய ஆசாமி யார் தெரியுமா? டி.வி. ஆன்டெனாவில் இருந்த சின்ன ஆம்ப்ளிஃபையர்!

2012-ல் நெவார்க் விமான நிலையத்தில் இன்னொரு கூத்து. தான் எங்கே சுற்றுகிறோம் என்று முதலாளிக்குத் தெரியக்கூடாது என்று ஒரு டிரைவர் வண்டியில் ஜாமர் வைத்திருந்தார். விமான நிலையத்துக் கருவியே குழம்பிப் போனது. சுமார் 32 ஆயிரம் டாலர் அபராதம் தீட்டிவிட்டார்கள். நம் நாட்டிலும் அனுமதி இல்லாமல் ஜாமர் வைப்பது சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022-ல் எச்சரித்திருக்கிறது.

இதற்கும் நம்ம வீட்டு மனைக்கும் என்ன சம்பந்தம்?

அளவு கோணலாகப் போனால் உடனே ஒரு சமாதானம் சொல்வார்கள். "மேலே ஹெச்.டி. லைன் போகுது சார், அதான் இழுக்குது!"

இது முழு உண்மை அல்ல. கம்பியில் ஓடும் கரண்ட் விநாடிக்கு 50 அலை. ஜி.பி.எஸ். சிக்னலோ விநாடிக்கு 157 கோடிக்கும் மேல். இரண்டும் எங்கே மோதும்? பீங்கான் விரிந்து பொறி பறந்தால் இரைச்சல் கிளம்பும், வாஸ்தவம். அதில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் வேறொன்று. சர்வே கருவி தனியாக வேலை செய்வதில்லை. இடம் தெரிந்த புள்ளியில் இன்னொரு கருவி உட்கார்ந்துகொண்டு, ரேடியோ வழியாகவோ செல்போன் வழியாகவோ திருத்தம் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தத் தொடர்பு அறுந்தால் அங்குலக் கணக்கு அடிக்கணக்காகிவிடும்.

இரும்புக் கோபுரமும் உயர்ந்த சுவரும் இதைவிடப் பொல்லாதவை. சிக்னல் அவற்றில் மோதி எதிரொலியாக வரும். கருவி ஏமாந்துபோய், தப்பான இடத்தையே சத்தியம் பண்ணிச் சொல்லும்!

60 அடி நீள மனையில் எல்லை ஒரு அடி தள்ளினால் 60 சதுர அடி காலி. இன்றைக்கு நகரத்தில் 60 சதுர அடி என்ன விலை? பெட்டிக்கடை வைத்துப் பிழைக்கிற இடமய்யா அது! ஒரு கிரவுண்டு வாங்குவதற்குள் குமாஸ்தாவின் தலைமுடி நரைத்துவிடுகிறது.

நகர்ப்புற நிலங்களை அளக்க மத்திய அரசு 2025 பிப்ரவரியில் 'நக்‌ஷா' திட்டத்தைத் தொடங்கியது. டிரோன், செயற்கைக்கோள் கருவி எல்லாம் உண்டு. நகரத்தில்தான் கோபுரமும் அதிகம், சுவரும் அதிகம், கண்ட கண்ட கருவியும் அதிகம் என்பதை அதிகாரிகள் மறந்துவிடக்கூடாது.

வழி இல்லாமல் இல்லை. இடம் தெரிந்த ஒரு புள்ளியில் கருவியை வைத்துச் சரிபார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். சந்தேகமான மூலையை ஓரிரு மணி நேரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அதற்குள் செயற்கைக்கோள்கள் இடம் மாறியிருக்கும், குட்டு உடையும். கோபுரத்தடியில் ஜி.பி.எஸ்.ஸைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? வெட்டவெளியில் இரண்டு புள்ளி பிடித்து, அங்கிருந்து 'டோட்டல் ஸ்டேஷன்' கருவியால் அளக்கலாம். அதற்கு வானத்து சிக்னலே வேண்டாம்.

எத்தனை மணிக்கு அளந்தார்கள், எத்தனை கோள்கள் கிடைத்தன, இரண்டாம் முறை எவ்வளவு வித்தியாசம் வந்தது? இதை எல்லாம் ஒரு சீட்டில் எழுதி மனைக்காரர் கையில் கொடுக்கச் சர்வே துறை உத்தரவு போட வேண்டும். சீட்டு கைக்கு வரும்வரை பழைய எல்லைக்கல்லை யாரும் பிடுங்கக்கூடாது!