மீட்டரைக் குறைப்பது சாமர்த்தியம் அல்ல



"விற்கும் முன்னே கார் மீட்டரைக் குறைச்சு வெச்சேன் சார், நல்ல விலை கிடைச்சது" என்று பெருமையாகச் சொன்னான், என்னிடம் படித்த ஒருவன். ரேங்க் கார்டில் 3-ஐ 8 ஆக்கியவனை நான் தட்டிக்கொடுத்ததில்லை. இவனையும் தட்டிக்கொடுக்க மாட்டேன்.

"எல்லாரும் செய்றாங்க சார்" என்றான். எல்லாரும் செய்தாலும் திருட்டு திருட்டுதான். போவது பணம் மட்டுமா? டைமிங் பெல்ட் உள்ள காரில் அதை மாற்றக் கிலோமீட்டர் கணக்கு உண்டு. கணக்கே பொய்யானால் ஒருநாள் பெல்ட் அறுந்து, வண்டி குடும்பத்தோடு நடுவழியில் நிற்கும்.

வாங்குபவர்களே, குறைந்த கிலோமீட்டருக்கு நாம் மயங்குவதால்தான் இது நடக்கிறது. நெடுஞ்சாலையில் சீராக ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய 80,000 கிலோமீட்டர் கார், நெரிசலில் கிளட்ச்சை மிதித்தே ஓட்டிய 40,000 கிலோமீட்டர் காரைவிடப் பலநேரம் மேல். சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்கள். பெடல் ரப்பரைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் 2323 என்றிருந்தால் அது 2023-இன் 23-ஆவது வாரத்தில் தயாரானது. 2019 மாடல், மீட்டரில் 20,000, நான்கு டயரும் 2023 என்றால் காரணம் கேளுங்கள்.

தம்பி, நீ இதைப் படிப்பாய். வாங்கியவரிடம் உண்மையைச் சொல்லி, கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கொடு. பிறகு என் வீட்டுக்கு வா, காபி சாப்பிடலாம்.