'தயார்' என்பதும் 'முடிந்தது' என்பதும்

1983இல் 4.2 பிஎஸ்டியுடன் வெளிவந்த சாக்கெட் இடைமுகம் பின்னாளில் ஏறத்தாழ எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுச்சொத்தாயிற்று. ஒரே நிரல் ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒருசேரக் கவனிக்க வேண்டிவந்தபோது அந்தப் பொதுமை உடைந்தது. போசிக்ஸ் தரத்தில் உள்ள செலக்ட், போல் ஆகிய இரண்டும் ஒவ்வோர் அழைப்பிலும் இணைப்புப் பட்டியல் முழுவதையும் கெர்னலிடம் ஒப்படைப்பவை. பட்டியல் நீள நீளத் தளர்ந்துவிடும். மாற்றாக விண்டோஸ் என்டி 1994இல் ஐஓசிபியையும், ஃப்ரீபிஎஸ்டி 2000இல் கேகியூவையும், லினக்ஸ் 2002இல் ஈபோலையும் கொண்டுவந்தன.

பெயர் வேறுபாடு மட்டுமானால் கவலையில்லை. ஈபோலும் கேகியூவும் 'தரவு வந்திருக்கிறது' என்று அறிவிப்பவை. படிப்பது நிரலின் வேலை. ஐஓசிபியோ பஃபரை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு 'படித்தாயிற்று' என்று அறிவிப்பது.

லிப்யூவி போன்ற நூலகங்கள் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றனவே, தரம் எதற்கு என்று கேட்பவர் உண்டு. ஆனால் பஃபர் யாருடையது, தொடங்கிய செயலை எவ்வாறு கைவிடுவது என்பவற்றுக்கு ஒவ்வொரு நூலகமும் தனக்கென விதி வகுத்துக்கொள்கிறது. பூஸ்ட் ஏசியோவுக்கு எழுதிய நிரலை லிப்யூவிக்கு மாற்றுவதென்றால் பாதியைத் திரும்ப எழுத வேண்டும். சி++ மொழிக்கான வலையமைப்புத் தொழில்நுட்ப வரையறை 2018இல் வெளியாகியும் சி++23இல் இடம்பெறவில்லை.

இனி வரும் தரம் 'முடிந்தது' முறையில்தான் அமைய வேண்டும். 'தயார்' என்ற அறிவிப்பு வந்ததும் நூலகமே படித்து 'முடிந்தது' என்று சொல்லிவிடுவது எளிது. எதிர்த்திசையில் செல்ல, விண்டோஸில் பூஜ்ஜிய பைட் படிப்பு போன்ற குறுக்குவழிகளை நாட வேண்டியிருக்கிறது. லினக்ஸே 2019இல் 5.1 பதிப்பில் ஐஓ யூரிங்கைச் சேர்த்து இம்முறைக்கு வந்துவிட்டது.

இதில் செலவும் உண்டு. சும்மா இருக்கும் 10,000 இணைப்புகளுக்குத் தலா 4 கிலோபைட் ஒதுக்கினால் ஏறத்தாழ 40 மெகாபைட் முடங்கும். தரவு வந்த பின்னரே பொதுத்தொகுப்பிலிருந்து பஃபரை எடுக்க ஐஓ யூரிங் இடமளிக்கிறது; தரமும் அதைக் கட்டாயமாக்கலாம்.

கடினமானது ரத்துசெய்தல். ரத்துக் கோரிக்கை விடுத்த பின்னும் கெர்னல் அதே பஃபரில் எழுதிக்கொண்டிருக்கக்கூடும். முடிவறிவிப்பு வரும்வரை பஃபரை விடுவிக்கக் கூடாது என்னும் விதியைத் தரத்தின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். போசிக்ஸின் பழைய ஏஐஓ அழைப்புகள் தரத்தில் இருந்தும், ஜிலிப்சி அவற்றைப் பயனர்வெளி இழைகளைக் கொண்டே நிறைவேற்றுகிறது. அழைப்புகளின் பெயரை மட்டும் ஒன்றாக்கினால் புதிய தரத்துக்கும் அந்நிலையே வரும்.