முதலில் சி.எஸ்.எஸ்., பிறகுதான் சாஸ்!

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு வெப்சைட் உருவாக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் கற்றுக் கொள்ள உட்கார்ந்தவுடன் அவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை என்ன? "முதலில் ஒரு பிரேம்வொர்க் இன்ஸ்டால் செய்யுங்கள். அடுத்து நோட் ஜேஎஸ். பிறகு சாஸ் கம்பைலரை கான்பிகர் செய்யுங்கள்." ஒரு தலைப்பை நீல நிறத்தில் காட்டுவதற்கு இத்தனை ஏற்பாடு! சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்று நம் ஊரில் இதைத்தான் சொல்வார்கள்.

பொறியியல் படிப்பை முடித்துவிட்டு, ஆறு ஆண்டுகளாக ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வெப்சைட்களைக் கட்டும் வேலையும் பழுது பார்க்கும் வேலையும் செய்து வருகிறேன். ஸ்டைல்ஷீட் புராசசிங் எனப்படும் இந்த வேலையைப் புதியவர்கள் முதல் சில மாதங்களுக்குத் தொடவே கூடாது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

புராசசிங் என்றால் என்ன?

ஒரு வெப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஹெச்.டி.எம்.எல். பைல் சொல்கிறது. அது எப்படித் தோன்ற வேண்டும் என்பதை, அதாவது நிறம், எழுத்தின் அளவு, இடைவெளி போன்றவற்றை, சி.எஸ்.எஸ். என்னும் ஸ்டைல்ஷீட் பைல் சொல்கிறது. ஹோகன் வியும் லீ என்பவர் 1994ஆம் ஆண்டு இந்த யோசனையை முன்வைத்தார். 1996 டிசம்பரில் டபிள்யூ3சி அமைப்பு இதன் முதல் பதிப்பை அங்கீகரித்தது. இதைப் பிரவுசர் நேரடியாகப் படித்துப் புரிந்து கொள்ளும்.

அன்றைய சி.எஸ்.எஸ்.ஸில் ஒரு பெரிய குறை இருந்தது. கடையின் பெயர்ப் பலகை நிறத்தை ஐம்பது இடங்களில் பயன்படுத்தியிருந்தால், அதை மாற்றும்போது ஐம்பது இடங்களிலும் மாற்ற வேண்டும். அந்த நிறத்திற்கு ஒரு பெயர் கொடுத்து, ஒரே இடத்தில் வைத்துக் கொள்ளும் வசதி கிடையாது. இந்தக் குறையைப் போக்க 2006ஆம் ஆண்டு சாஸ் வந்தது. (தக்காளி சாஸ் அல்ல!) 2009ஆம் ஆண்டு லெஸ் என்ற இன்னொன்றும் வந்தது. இவற்றில் வேரியபிள் வைத்துக் கொள்ளலாம். ஒரு விதிக்குள் இன்னொரு விதியை எழுதலாம். பெரிய பைலைச் சிறு சிறு பைல்களாகப் பிரித்து வைத்துக் கொள்ளலாம்.

ஆனால் சாஸ் பைல் பிரவுசருக்குப் புரியாது. அதைச் சாதாரண சி.எஸ்.எஸ். பைலாக மாற்றித் தர ஒரு புரோகிராம் தேவை. இந்த மாற்றும் வேலைதான் புராசசிங். மூல பைல் எங்கே இருக்கிறது, மாற்றிய பைலை எங்கே வைக்க வேண்டும், எப்போது மாற்ற வேண்டும் என்றெல்லாம் பிரேம்வொர்க்கிற்குச் சொல்லி வைப்பதுதான் கான்பிகரேஷன்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது?

இந்த மாற்றும் புரோகிராம் எப்போதும் பின்னணியில் ஓடிக் கொண்டிருக்க வேண்டும். புதியவர் ஒருவர் சர்வரை மட்டும் ஸ்டார்ட் செய்துவிட்டு, சாஸ் பைலில் நிறத்தை மாற்றி சேவ் செய்கிறார். பிரவுசரை ரிப்ரெஷ் செய்கிறார். எந்த மாற்றமும் இல்லை. மறுபடியும் ரிப்ரெஷ். அப்போதும் இல்லை. தான் எழுதியதில்தான் ஏதோ தவறு என்று நினைத்துச் சரியாக இருப்பதையும் அழித்து எழுதுகிறார். உண்மையில் அவர் எழுதியது சரிதான். மாற்றித் தரும் புரோகிராம் ஓடவில்லை, அவ்வளவுதான். எது தன் தவறு, எது கருவியின் தவறு என்று பிரித்துப் பார்க்கும் அனுபவம் வருவதற்குள் பலர் இந்தத் துறையே வேண்டாம் என்று போய்விடுகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

கருவிகளுக்கு ஆயுள் குறைவு

இரண்டாவது காரணம் பணம் சம்பந்தப்பட்டது. ஒரு ஜவுளிக்கடையின் வெப்சைட் எங்களிடம் பராமரிப்புக்கு வந்தது. வேறொருவர் சில ஆண்டுகளுக்கு முன் செய்து கொடுத்தது. தீபாவளிக்கு முன் பட்டன்களின் நிறத்தை மாற்ற வேண்டும் என்று மட்டும்தான் கடைக்காரர் கேட்டார். பைலில் மாற்ற ஐந்து நிமிடம் ஆனது. அதைச் சி.எஸ்.எஸ்.ஸாக மாற்ற இரண்டு நாட்கள் ஆயின!

அந்த வெப்சைட்டில் நோட்-சாஸ் என்ற பழைய கம்பைலர் இருந்தது. அதன் ஒவ்வொரு பதிப்பும் நோட் ஜேஎஸ்ஸின் குறிப்பிட்ட பதிப்புகளுடன் மட்டுமே ஒத்துப் போகும். புதிய நோட் ஜேஎஸ்ஸில் இன்ஸ்டால் செய்தால், அது தன்னைத்தானே கட்டிக் கொள்ள முயன்று, பைதானும் சி++ கம்பைலரும் கேட்கும். கடைசியில் எர்ரர் கொடுத்து நின்றுவிடும். நாங்கள் அதை நீக்கிவிட்டு டார்ட் சாஸுக்கு மாற்றி, வரிசையாக வந்த எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகச் சரி செய்தோம். பில்லைப் பார்த்த கடைக்காரர், "தம்பி, கலர் மாத்தறதுக்கு ரெண்டு நாள் கூலியா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

இது ஒரு கடையின் பிரச்னை மட்டுமல்ல. சாஸ் முதலில் ரூபி மொழியில் எழுதப்பட்டது. அந்தப் பதிப்பிற்கான ஆதரவு 2019 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அடுத்து வந்த லிப்சாஸையும், அதன் மேல் கட்டப்பட்ட நோட்-சாஸையும் இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று 2020 அக்டோபரில் அறிவித்தார்கள். ஆனால் 1996ஆம் ஆண்டின் சி.எஸ்.எஸ். முறைப்படி எழுதிய நிறக் கட்டளை இன்றைய குரோமிலும் பயர்பாக்ஸிலும் அப்படியே வேலை செய்கிறது.

பிரேம்வொர்க்குகளே மாறிவிட்டன

ரூபி ஆன் ரெயில்ஸ் நல்ல உதாரணம். 2011ஆம் ஆண்டு வந்த 3.1 பதிப்பில் அஸெட் பைப்லைன் என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்து, புதிய புராஜக்ட் ஒவ்வொன்றிலும் சாஸைத் தானாகவே சேர்த்தார்கள். அன்று அது தேவைப்பட்டது. 2021 டிசம்பரில் வந்த 7ஆம் பதிப்பில் சாஸ் அந்தத் தானியங்கிப் பட்டியலிலிருந்து நீங்கியது. வேண்டுவோர் தனியே கேட்டுச் சேர்த்துக் கொள்ளலாம். 2024ஆம் ஆண்டு வந்த 8ஆம் பதிப்பில் புராப்ஷாப்ட் என்ற எளிய கருவியைப் புதிய புராஜக்ட்களுக்கு வைத்தார்கள். இது சாஸை மாற்றித் தராது. உங்கள் சி.எஸ்.எஸ். பைலின் பெயருடன் ஓர் அடையாள எண்ணைச் சேர்த்து அனுப்பும். பைல் மாறினால் எண்ணும் மாறும். அதனால் பிரவுசர் கேஷில் உள்ள பழைய பைலைக் காட்டிக் கொண்டிருக்காது.

ஏன் இந்த மாற்றம்? சி.எஸ்.எஸ். வளர்ந்துவிட்டது. கஸ்டம் பிராப்பர்ட்டி என்ற பெயரில் வேரியபிள் வசதி 2017ஆம் ஆண்டிற்குள் குரோம், பயர்பாக்ஸ், சபாரி, எட்ஜ் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. ஒரு விதிக்குள் இன்னொரு விதியை எழுதும் வசதியும் 2023ஆம் ஆண்டு வந்துவிட்டது. சொல்லப் போனால், சி.எஸ்.எஸ். வேரியபிள் ஒரு விதத்தில் சாஸ் வேரியபிளைவிட மேலானது. சாஸ் வேரியபிள் கம்பைல் செய்யும்போதே கரைந்து போய்விடும். சி.எஸ்.எஸ். வேரியபிள் பிரவுசரில் உயிரோடு இருக்கும். இரவில் டார்க் மோடுக்கு மாறும்போது பக்கத்தின் நிறங்களையும் மாற்றுவதற்கு இது போதும்.

அப்படியானால் சாஸ் வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். பலர் சேர்ந்து வேலை செய்யும் பெரிய வெப்சைட்களில் அதற்கு இடம் உண்டு. ஒரே மாதிரியான விதிகளை லூப் மூலம் உருவாக்கும் வசதி சாஸில்தான் இருக்கிறது. பூட்ஸ்டிராப்பை உள்ளிருந்தே மாற்றியமைக்கவும் சாஸ் வேண்டும். வேலை தரும் நிறுவனங்கள் இதைக் கேட்கின்றன என்பதும் உண்மை. அடிப்படைச் சி.எஸ்.எஸ். தெரிந்தவர் சாஸைச் சில நாட்களில் பிடித்துக் கொள்வார். சாஸ் மட்டும் தெரிந்தவரோ, கம்பைலர் நின்றுபோனால் கையைப் பிசைந்து கொண்டு நிற்பார்.

புதியவர்களுக்குச் சில யோசனைகள்

1. நோட்பேடும் ஒரு பிரவுசரும் போதும். ஒரு போல்டரில் ஒரு ஹெச்.டி.எம்.எல். பைலும் ஒரு சி.எஸ்.எஸ். பைலும் வைத்துத் தொடங்குங்கள். தமிழில் எழுதினால் யு.டி.எப்-8 முறையில் சேவ் செய்திடவும்.

2. குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் மூன்றிலும் எப்12 கீயை அழுத்தினால் டெவலப்பர் டூல்ஸ் திறக்கும். அதில் எந்த விதி எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று பார்த்துப் பழகுங்கள்.

3. ஒரே நிறத்தைப் பல இடங்களில் எழுத வேண்டி வந்தால் சி.எஸ்.எஸ். வேரியபிளைப் பயன்படுத்துங்கள்.

4. அதற்கு மேலும் ஏதாவது தேவை என்று நீங்களே உணரும் நாளில் சாஸை நாடுங்கள். அப்போது டார்ட் சாஸைத் தேர்ந்தெடுங்கள்.

5. மற்றவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தால், எந்தக் கருவியின் எந்தப் பதிப்பு என்று எழுதிக் கொடுங்கள். கம்பைல் செய்த, சுருக்கப்படாத சி.எஸ்.எஸ். பைலையும் சேர்த்துக் கொடுங்கள். சில ஆண்டுகள் கழித்து நிறம் மாற்ற வருபவர் உங்களை வாழ்த்துவார்.

இனி யாராவது முதல் நாளே பத்து மென்பொருள்களை இன்ஸ்டால் செய்யச் சொன்னால், "இதில் எது இல்லாமல் என் பக்கம் ஓடாது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பட்டியல் இரண்டாகச் சுருங்கிவிடும். அந்த இரண்டும் ஏற்கெனவே உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும்!