கடலையை வந்து பாருங்கள்

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் சொசைட்டியின் பின்சுவரை ஒட்டிக் குளிர்காலத்தில் ஒரு வேர்க்கடலை வண்டி நிற்கும். போன கார்த்திகையில் அந்த வண்டிக்கு அடியில் ஒரு தெருநாய் மூன்று குட்டி போட்டது. கீழே விளையாடும் பிள்ளைகள் அதில் ஒருவனுக்கு ஹிந்தியில் மூங்ஃபலி என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வீட்டுக்குள் வந்ததும் கடலை ஆகிவிட்டான்.

அவனுக்கு ஒரு வீடு வேண்டும் என்று நான் சொன்னதும் உங்களில் பலர் கூப்பிட்டுப் பேசினீர்கள். என்ன ஜாதி, எவ்வளவு உயரம் வளரும், முடி கொட்டுமா, வெள்ளை நிறத்தில் வேறு குட்டி இருக்கிறதா என்று கேட்டீர்கள். அவன் எப்படிப்பட்டவன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பெண் பார்க்கப் போனால் குணத்தைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிற நாம், பத்துப் பதினைந்து வருடம் வீட்டில் இருக்கப்போகிற உயிரைப் பற்றி இவ்வளவுதான் கேட்போமா?

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். புது ஆள் வந்தால் கடலை ஓடிவந்து மேலே தாவமாட்டான். செருப்பு அலமாரிக்குக் கீழே போய் உட்கார்ந்து, முன்னங்கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு, வந்தவரைப் பார்ப்பான். கால் மணி நேரம் ஆகும். பிறகு மெல்ல வந்து உங்கள் பாதத்தின் மேல் தாடையை வைப்பான். அது அவன் சம்மதம் சொல்கிற விதம். தூக்கினால் பிடிக்காது, உடம்பை விறைத்துக்கொள்வான். குக்கர் விசில் அடித்தால் பால்கனிக்கு ஓடுவான், மூன்றாவது விசிலுக்குத் தானே திரும்பி வருவான். என் மாமனார் பேப்பர் படிக்கும்போது அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் சத்தமே இல்லாமல் ஒரு மணி நேரம் கிடப்பான். அவன் தங்கை நேர்மாறு: யார் மடியில் வேண்டுமானாலும் ஏறிவிடுவாள், அதனாலேயே அவளுக்கு இரண்டே நாளில் வீடு கிடைத்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். 2022இல் சயன்ஸ் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, பதினெட்டாயிரத்துக்கும் அதிகமான நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் விசாரித்தது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்தில் இருக்கிற வித்தியாசத்தில் ஜாதியால் வருவது சுமார் 9 சதவீதம்தான் என்று அது சொல்கிறது. நீங்கள் எல்லோரும் முதலில் கேட்டது அந்த ஒன்பதைத்தான்.

கடலைக்கும் ஒரு வீடு கிடைத்தது. எட்டு வயதுப் பையனின் பிறந்தநாளுக்காகக் கூட்டிப்போனார்கள். பதினோராம் நாள் திரும்பக் கொண்டுவந்தார்கள். சொன்ன காரணம்: பையனுக்குப் பரீட்சை, சோபாவில் மூத்திரம், நாற்காலிக் காலைக் கடிக்கிறது. மூன்று மாதக் குட்டியால் மூத்திரத்தை அடக்க முடியாது. பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற ஆறு ஏழு மாதம்வரை கடிக்கத்தான் செய்யும். நம் பிள்ளைகளும் இதையெல்லாம் செய்தவர்கள்தானே? ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இலேயே எழுதிவைத்தார்கள்: மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறையப் பன்னிரண்டாவது வாரம்வரை பழகுகிற மனிதரும் இடமும்தான் நாயின் மனதில் ஆழமாகப் பதியும். அந்தக் காலம் முடிகிற தறுவாயில் இவன் ஒரு வீட்டை நம்பினான். திரும்பி வந்த பிறகு ஒரு வாரம் அலமாரிக்கு அடியிலேயே சாப்பிட்டான்.

அந்தப் பையன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவன் ஆசைப்பட்டான், எட்டு வயதில் ஆசைப்படத்தான் வேண்டும். முடிவு எடுக்க வேண்டியது பெற்றோரான நீங்கள். ஜனவரிப் பனிமூட்டத்தில் காலை ஆறு மணிக்குக் கீழே கூட்டிப்போகப் போவதும், ஊருக்குப் போகும்போது ரயிலில் கூட்டிப்போவதா யாரிடமாவது விட்டுப்போவதா என்று முழிக்கப் போவதும் நீங்கள்தான். உங்களுக்கு மனம் இல்லை என்றால் பிள்ளையிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள், அது அழுதாலும் பரவாயில்லை. ஒரு உயிரைக் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துத் திருப்பித் தரலாம் என்று அதற்குக் கற்றுக்கொடுத்துவிடாதீர்கள்.

இன்னும் சிலர் கடையில் ஹஸ்கி வாங்கிவிட்டீர்கள். பனிப்பிரதேசத்து நாய். மே மாதம் 45 டிகிரியில் இந்த ஊரில் நமக்கே மூச்சு முட்டுகிறது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது என்று விதி இருக்கிறது, நீங்கள் வாங்கினபோது அதன் வயதைக் கேட்டீர்களா? வாங்கி வளர்த்துத் தெருவில் விடுவதை 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. டிஃபன்ஸ் காலனி மேம்பாலத்துக்கு அடியில் ஃபிரெண்டிகோஸ் காப்பகம் இருக்கிறது. வாங்குவதற்கு முன் ஒருமுறை பிள்ளையோடு அங்கே போய் வந்திருக்கலாம்.

தெருநாய் என்றால் பயம் என்கிறீர்கள். அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். வெறிநோய் வந்து அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிது, கடி படுகிறவர்களில் குழந்தைகள் அதிகம். போன வருடம், 2025 ஆகஸ்ட் 11 அன்று, டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டபோது நம்மில் பாதிப் பேர் நிம்மதி அடைந்தோம், பாதிப் பேர் அழுதோம். ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள்: கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் விடக் கூடாது. விருப்பம் உள்ளவர்கள் மாநகராட்சியிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம், எடுத்தது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. இரண்டு கட்சியிலும் சத்தமாகப் பேசினோம். தத்தெடுக்கலாம் என்ற அந்த வரியை எத்தனை வீடு எடுத்துக்கொண்டது?

கடலைக்கு இப்போது நான்கு மாதம். வெறிநோய் ஊசி போட்டாகிவிட்டது, மற்றத் தடுப்பூசிகளும் முடிந்தன. ஆறு மாதம் ஆனதும் கருத்தடை செய்ய வேண்டும், மாநகராட்சியில் பதிய வேண்டும், இரண்டுக்கும் நான் கூட வருகிறேன். பெரியவர்கள் யாராவது பகலில் இருக்கிற வீடு அவனுக்கு ஒத்துவரும். ஓடியாடுகிற பிள்ளைகள் நாலு பேர் இருக்கிற வீடு வேண்டாம், மிரண்டுபோவான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள். முதல் தடவை பிள்ளைகள் இல்லாமல், நீங்கள் இருவரும் மட்டும். வந்ததும் தரையில் உட்காருங்கள், கையை நீட்டாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். நான் காபி போட்டுக்கொண்டு வருகிறேன். அதைக் குடித்து முடிப்பதற்குள் அவன் அலமாரிக்கு அடியிலிருந்து வெளியே வருவான்.