மொட்டை உளியைத் தீட்டப் பழகுவம்

கூரான உளிதான் ஆபத்து எண்டு கனபேர் நினைக்கினம். மொட்டை உளிக்குத்தான் நாங்கள் கூடப் பயப்பட வேணும். அது மரத்தில இறங்காது. பலம் குடுத்துத் தள்ள, வழுக்கி மற்றக் கையில ஏறும்.

தீட்டப் பெரிய செலவில்லை. மட்டமான கண்ணாடித் துண்டும் அதில ஒட்டின ஈர அரத்தாளும் போதும். முதல்ல உளியின்ர தட்டையான பின்பக்கத்தைத் தேய்க்க வேணும். பலரும் விடுறது இதைத்தான். பிறகு சரிவான பக்கத்தை 25 முதல் 30 பாகைக்குள் பிடிச்சு, விளிம்பில மெல்லிய பிசிறு தட்டுப்படும் வரைக்கும் தீட்டலாம். பின்பக்கத்தைத் திருப்பி மெல்லத் தேய்ச்சால் பிசிறு போயிடும். கடைசியாத் தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டுப் பூசினால், உப்புக்காத்திலயும் லேசில துரு ஏறாது.

இவ்வளவுதான் வேலை. ஆனால் எங்கட வீடுகளில மொட்டையான உளி மூலைக்குப் போகுது, புதுசு வருது. தீட்டுறது 'தச்சற்ற வேலை' எண்டு ஒதுக்கிறதுக்குப் பின்னால சாதியும் இருக்கு. அந்த அறிவை ஒரு சாதிக்கு மட்டும் உரியதாக்கின எங்கட சமூகம், அதுக்குரிய மரியாதையை அவையளுக்குக் குடுக்கேல்லை.

ஊரில தச்சு வேலை செய்யிறவரிட்டப் போய்க் கேட்டுப் பழகுவம். பழக்கிறதுக்குக் கூலியும் குடுப்பம்.