பணிசெயல் முறைமையும் பயனர் நேயமும்



“விண்டோஸ் பயனர் நேயமானது; லினக்ஸ் கடினமானது.” இவ்வாறு ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்வது இலகு. ஆனால், இக்கூற்று எவ்வளவு தூரம் சரியானது எனச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்.

1981ஆம் ஆண்டு வெளிவந்த எம்.எஸ். டொஸ் கட்டளைவரி இடைமுகத்தைக் கொண்டது. ஒரு கோப்பைப் பிரதி செய்வதற்குக் கூட உரிய கட்டளையை மனனம் செய்து, பிழையின்றித் தட்டெழுத வேண்டும். 1984இல் அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரோஷ், 1995இல் விண்டோஸ் 95 ஆகியன வந்தபோது வரைவியல் பயனர் இடைமுகம் பெருந்தொகையானோரைச் சென்றடைந்தது. நினைவில் வைத்துச் செய்த வேலை, கண்ணால் பார்த்துத் தெரிவு செய்யும் வேலையாயிற்று. இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

எனினும், படங்கள் மட்டும் பயனர் நேயத்தைத் தந்துவிடுமா? 2012இல் வெளியான விண்டோஸ் 8 இதற்கு நல்ல உதாரணமாகும். வண்ணக் கட்டங்கள் திரையை நிறைத்தன. ஆனால் கீழ் மூலையில் இருந்த தொடக்கப் பொத்தான் நீக்கப்பட்டது. பல ஆண்டுகள் விண்டோஸ் பயன்படுத்தியவர்களே தடுமாறினர். 2013இல் விண்டோஸ் 8.1 அப்பொத்தானை மீண்டும் கொண்டுவந்தது. இதிலிருந்து நாம் அறிவது யாது? “எளிது” என நாம் கூறுவது பல வேளைகளில் “பழகியது” என்பதே. லினக்ஸ் கடினம் என்போரில் பலர் அன்ட்ரொயிட் தொலைபேசியை நாள்தோறும் இயக்குகின்றனர். அந்த அன்ட்ரொயிட்டும் லினக்ஸ் கருவின் மீதே அமைந்தது.

எனவே, பயனர் நேயத்தை அளக்க இரண்டு கேள்விகளை முன்வைக்கிறேன். முதலாவது, நாம் செய்யும் தவறை முறைமை பொறுத்துக்கொள்கிறதா? டொஸ்ஸில் ஒரு கோப்பை அழிக்கும் கட்டளையை இட்டால் அது மறுகேள்வி கேளாமல் அழித்துவிடும். விண்டோஸ் 95இன் மீள்சுழற்சித் தொட்டியோ தவறைத் திருத்த வாய்ப்பளித்தது. இரண்டாவது, அது நமது மொழியில் பேசுகிறதா? ஆங்கிலத்தில் தோன்றும் எச்சரிக்கையை விளங்காமலே “சரி” என அழுத்தும் மாணவருக்கு எத்தனை அழகிய படவுருக்கள் இருந்தும் பயனில்லை. விண்டோஸிலும் தமிழ் இடைமுகம் உண்டு; லினக்ஸிலும் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்த தமிழ் இடைமுகம் உண்டு. அவற்றைத் தேடிப் பயன்படுத்துவோர் நம்மில் எத்தனை பேர்?

லினக்ஸில் குறைகளே இல்லை என நான் வாதிடவில்லை. சில அச்சுப்பொறிகள் அதில் இலகுவில் இயங்குவதில்லை. சில மென்பொருள்கள் அதற்குக் கிடைப்பதில்லை. சிக்கல் வந்தால் உதவி கேட்க, விண்டோஸ் தெரிந்தவரே அயலில் இருப்பார். ஒரு வர்த்தக நிலையத்துக்கு இவை நியாயமான காரணங்களாகும்.

ஆனால், ஒரு பாடசாலையின் நிலை வேறு. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11 கோரும் வன்பொருள் பல பழைய கணினிகளில் இல்லை. நன்றாக இயங்கும் அக்கணினிகளை மூலையில் ஒதுக்குவதா, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நிறுவி மாணவர் கையில் கொடுப்பதா? “கடினம்” என்னும் ஒரு சொல்லை ஆராயாமல் ஏற்றுக்கொண்டால், கணினியைத் தொடும் வாய்ப்பையே சில மாணவர்கள் இழப்பர்.

ஆகவே, ஒரு முறைமையின் பொத்தான்களை மட்டும் மனனம் செய்யாதீர்கள். கோப்பு, கோப்புறை, பயனர் கணக்கு, அனுமதி ஆகிய எண்ணக்கருக்களை விளங்கிக்கொள்ளுங்கள். அவை இன்றைய பெரும்பாலான கணினி முறைமைகளுக்குப் பொதுவானவை. பொத்தான் இடம் மாறினாலும் நீங்கள் தடுமாறமாட்டீர்கள். இனி “எது பயனர் நேயமானது?” என எவரேனும் வினவினால், “யாருக்கு? எந்த வேலைக்கு? எந்த மொழியில்?” எனத் திருப்பிக் கேளுங்கள். அதன் பின்னர் உங்கள் கருத்தைக் காரணத்துடன் கூறுங்கள்.