மெய்நிகர் கடலும் முத்துக்குளித்துறையும்

கணிப்பொறி படைக்கும் மெய்நிகர் உலகம் இன்று மாணவர் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்துள்ளது. தலையில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டால் மலையும் கடலும் நம்மைச் சூழ்ந்து நிற்கின்றன. இவ்விளையாட்டை மேலும் செம்மைப்படுத்த வல்லது ஹோலோகிராம் என்னும் முப்பரிமாண ஒளிப்படிமக் கலை. அக்கலையின் வளர்ச்சியில் முத்துக்குளித்துறையைச் சார்ந்த நமக்கு என்ன பங்கு என்பது எண்ணத்தக்கது.

குறையும் தீர்வும்

இன்றைய கருவிகள் இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டுகின்றன. மூளை அவற்றை இணைத்து ஆழத்தை உணர்கிறது. படத்தில் ஒரு மீன் அருகே வந்தால் விழிகள் இரண்டும் உள்நோக்கித் திரும்புகின்றன. ஆனால் கண்ணின் வில்லையோ மாறாத தொலைவிலேயே குவிந்து நிற்க வேண்டியுள்ளது. இம்முரண்பாடு கண் சோர்வுக்கும் தலைவலிக்கும் காரணமாகிறது.

ஒளிப்படிமம் இக்குறையைத் தீர்க்கக் கூடியது. ஒரு பொருளிலிருந்து புறப்படும் ஒளியலைகளையே அது மீண்டும் உருவாக்கித் தருவதால், கண் இயல்பாகவே அருகிலும் தொலைவிலும் குவிகிறது. டென்னிஸ் காபோர் 1947இல் இக்கருத்தைக் கண்டறிந்தார். 1960இல் லேசர் தோன்றிய பின்னரே அது வளம்பெற்றது. 1971இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தாரும் என்விடியா நிறுவனத்தாரும் 2022இல் 2.5 மில்லிமீட்டர் தடிப்பே உடைய காட்சியமைப்பைக் கொண்ட மூக்குக்கண்ணாடி ஒன்றை ஆய்வுநிலையில் உருவாக்கிக் காட்டினர். எனினும் இதற்கு வேண்டிய கணக்கீடு மிகப் பெரிது. பார்வைப் பரப்பும் குறுகியது.

ஒரு தெளிவும் வேண்டும். 2022 ஜனவரி 23 அன்று தில்லி இந்தியா கேட் அருகே தோன்றிய நேதாஜி உருவத்தை ஹோலோகிராம் என்றே பலரும் அழைத்தனர். அஃது ஒளிவீச்சுக் கருவியால் திரையில் காட்டப்பட்ட படம். மேலே கூறிய வகையினதன்று.

ஆழம் என்பது யாது?

ஆழத்தை உள்ளவாறு காட்டும் கலைக்கு முத்துக்குளிப்பினும் பொருத்தமான களம் வேறுண்டோ? கல்லில் கால் வைத்துக் கயிற்றைப் பற்றி இறங்கி, அடக்கிய ஒரே மூச்சில் கடற்பாரில் சிப்பி திரட்டி, கயிற்றை அசைத்து மேலெழும் குளியாளின் வாழ்க்கை முழுவதும் ஆழத்தை அளந்தறிவதிலேயே அடங்கியிருந்தது.

கொற்கைக் காலம் தொட்டு வந்த அத்தொழில் இன்றில்லை. தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் நிகழ்ந்த சலாபங்களின் வரிசை 1961உடன் முற்றுப்பெற்றது. 1973இல் இதே ஊரில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் செயற்கை முறையில் முத்து வளர்ப்பதில் வெற்றி கண்டனர். கடைசிச் சலாபத்தில் இருபது வயதில் மூழ்கியவர் இன்று எண்பதைக் கடந்திருப்பார்.

நமது கடமை

ஒளி, கண்ணுக்கு ஆழத்தைத் தரும்; அவ்வாழத்தில் என்ன இருந்தது என்பதை அது தராது. பார்களின் பெயர்கள், காற்றையும் நீரோட்டத்தையும் குறிக்கும் சொற்கள், பரதவரும் கீழக்கரை முஸ்லிம் குளியாட்களும் ஒரே கடலில் உழைத்த முறை, ஆங்கிலேயர் ஆட்சியில் அரசு இரு பங்கும் குளியாள் ஒரு பங்கும் பெற்ற கணக்கு ஆகியவற்றை முதியோரின் நினைவும் பழைய ஏடுகளுமே சொல்லும். அவற்றை நாம் திரட்டாவிடில், எங்கோ இருக்கும் ஒரு நிறுவனம் புதையற்பெட்டியும் கடற்கொள்ளையரும் நிறைந்த ஒரு பொய்க்கடலைப் படைக்கும். நம் பிள்ளைகள் அதனையே மன்னார் வளைகுடா என நம்புவர்.

விளையாட்டு காலத்தைக் கொல்லும் என அஞ்சும் பெரியோர் உளர். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் விளையாட்டு வேண்டாமென்று கூறி அதனைத் தடுக்கவியலாது. அதில் எதனை வைப்பது என்பதை மட்டுமே நாம் முடிவு செய்யவியலும். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் மருட்கையோடு அச்சத்தையும் அழுகையையும் வைத்தார். மெய்நிகர் முத்துக்குளிப்பில் வியப்பு மட்டும் இருந்து, மூச்சு முட்டும் துன்பமும் சுறாவின் அச்சமும் கரையில் காத்திருப்போரின் கலக்கமும் இல்லையெனில் அது வெறும் வேடிக்கையாகவே முடியும்.

எனவே தமிழ்த்துறை மாணவர்கள் வரும் விடுமுறையிலேயே தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களுக்குச் சென்று, முதியோரின் சொற்களை அவர்தம் குரலிலேயே பதிவு செய்தல் வேண்டும். சங்கு குளிப்போரையும் கண்டு கேட்டல் நன்று. ஜமாஅத் பெரியோரும் பரதவ ஊர்த் தலைவர்களும் இதற்குத் துணைநிற்க வேண்டும். ஒளிப்படிமக் கருவி கடைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகலாம். அது வரும்வரை அறிவியல் காத்திருக்கும். எண்பதைக் கடந்த குளியாள் காத்திருக்க மாட்டார்.